பத்தொன்பதாம் எண் தீவுக்கு ஓர் அவசர ஆய்வு

ஊழியர் நலத் தீவுத் தேர்வுக் குழு பன்னிரண்டு வருஷமாக இயங்கி வருகிறது. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அது ஒருவரைக்கூட நிராகரித்ததில்லை. குழுத் தலைவர் இதை ஒவ்வொரு கூட்டத்திலும் மார்தட்டிச் சொல்வார். ஒருவரைக்கூடத் தீவுக்கு அனுப்பியதும் இல்லையே என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது எந்த அலுவலகத்திலும் நடைமுறை கிடையாது.

பாய்லர்காரருக்கு இதெல்லாம் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் முப்பது வருஷமாக பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். நோயாளிகளின் போர்வை, தலையணை உறை, அறுவை சிகிச்சை அறைத் துணி எல்லாம் அவர் அனுப்புகிற நீராவியில்தான் வெளுத்து வந்தன. அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வித்தை. அதை ஒரு பிசகும் இல்லாமல் செய்துவந்தார். முப்பது வருஷம் பிசகில்லாமல் உழைத்தவருக்கு விதிப்படி ஒரு பரிசு உண்டு. ஏதாவது ஒரு வெப்பத் தீவில், மனைவியோடு பத்து நாள், கடற்கரை விடுதியும் கடலுக்கடியில் முக்குளிப்பும் சேர்த்து. எந்தத் தீவு என்பதை ஊழியரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதற்குக் குழு உதவும்.

அறிவிப்புப் பலகையில் மஞ்சளித்துப் போயிருந்த அந்தச் சுற்றறிக்கையை அவர் வருஷக்கணக்கில் தாண்டிப் போயிருக்கிறார். கடலுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒரு நாள் நின்று அதை எழுத்து விடாமல் படித்தார் என்றால், அதற்குக் காரணம் அவர் மனைவியின் கண்.

அவள் வீட்டிலிருந்தபடியே தையல்கடைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பவள். சட்டைப் பொத்தான் துளையைச் சுற்றி நூல் கட்டுகிற வேலை. கண் இல்லாமல் நடக்காது. கொஞ்ச நாளாகப் பக்கத்தில் வைத்த கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்தாள். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

"சுத்தி இருக்கறது முதல்ல மறையும். நடுவுல தெரியறது கடைசியா போகும். மருந்து இருக்குன்னு சொல்லி உங்களை அலையவிட எனக்கு மனசு வரலை. எட்டு மாசம், மிஞ்சிப்போனா பத்து. பார்க்கணும்னு ஆசைப்பட்டதையெல்லாம் பார்த்துடுங்கம்மா."

வெளியே வந்ததும் காத்திருக்கும் கூடத்து டிவிக்கு முன்னால் அவள் நின்றுவிட்டாள். கடலுக்கடியில் எடுத்த படம் ஒன்று அதில் நாள் முழுக்க ஓடும்.

"இந்த மீனுங்களை நேர்ல பாக்கணும்ங்க."

"பொண்ணு வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வரலாமே?"

"அவ மூஞ்சி எனக்கு மனப்பாடம். உங்க மூஞ்சியும்தான். தெரியாததைத்தானே பாக்கணும்?"

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. சொந்தமாகப் போகலாம் என்றால் அவர் சம்பளத்துக்குத் தீவு கனவிலும் எட்டாது. மறுநாளே விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுத் தலைமை அலுவலகத்தின் ஒன்பதாவது மாடிக்குப் போனார்.

அங்கே ஒரு குமாஸ்தா அம்மாள் இருந்தாள். மூக்கு நுனியில் கண்ணாடி, கையெட்டும் தூரத்தில் ஆறு ரப்பர் முத்திரைகள். பன்னிரண்டு பக்கப் படிவத்தையும் நாற்பது தீவுகளின் பட்டியலையும் கொடுத்தாள். பட்டியலில் ஒன்று முதல் நாற்பது வரை எண்கள்தான் இருந்தன.

"தீவுங்களுக்குப் பேரு இல்லையாம்மா?"

"இருக்கு. பேரைச் சொன்னா ஆசை வந்துடும். ஆசையில எடுக்கற முடிவு நியாயமா இருக்காதுன்னு குழு தீர்மானம் போட்டிருக்கு."

"படம் ஏதாவது..."

"படமா? படம் பார்த்தா இன்னும் மோசம்."

ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே குழுவின் மதிப்பீடு இருந்தது. மணல்: திருப்தி. அலை: திருப்தி. மீன்: உண்டு. நாற்பதுக்கும் இதேதான். இருபத்திரண்டாம் எண்ணுக்கு மட்டும் "மணல்: பெரும்பாலும் திருப்தி" என்று போட்டிருந்தார்கள். நேர்மையான ஆட்கள் என்று பாய்லர்காரர் நினைத்துக்கொண்டார். பாவம், அவர் மனதார அப்படித்தான் நினைத்தார்.

மூன்று தீவுகளைக் குறித்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்ற இரண்டையும் ஏன் வேண்டாமென்கிறோம் என்று காரணம் எழுத வேண்டும். வீட்டில் அவர் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு விழித்தார். அவள் கண்ணிமைக்கிற நேரத்தில் முடித்துவிட்டாள்.

"பத்தொன்பது. நமக்குக் கல்யாணம் ஆனப்ப எனக்கு அதான் வயசு. எட்டு, நீங்க போற பஸ்ஸு. முப்பத்தொண்ணு, மாசக் கடைசி. அதுல பத்தொன்பதை எடுத்துக்குங்க."

எட்டும் முப்பத்தொன்றும் ஏன் வேண்டாம் என்ற கட்டத்தில் வெகுநேரம் யோசித்துவிட்டு "சும்மா" என்று எழுதினார். அந்த ஒரு வார்த்தைக்கு மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. சும்மா என்பது காரணம் ஆகாது. ஒரு தீவை அதன் தரப்பைக் கேட்காமலேயே ஒதுக்குவது இயற்கை நீதிக்கு விரோதம். ஆகவே எட்டாம், முப்பத்தோராம் எண் தீவுகளை விண்ணப்பதாரரின் சார்பாகக் குழுவே நேரில் சென்று ஆய்வு செய்யும். குழு என்றால் உறுப்பினர்கள் ஏழு பேர். ஆய்வு நடுநிலையாக இருக்கவேண்டும் என்பதற்காக அவரவர் குடும்பமும் கூடப் போவது வழக்கம்.

அவர்கள் திரும்பிவரும்போது இரண்டு மாசம் ஓடியிருந்தது. தலைவர் பாய்லர்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். தலைவருக்கு முகமெல்லாம் கறுத்து, மூக்கில் தோல் உரிந்துகொண்டிருந்தது. கண்ணைச் சுற்றி முக்குளிப்புக் கண்ணாடியின் வட்டம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"உட்காருங்க. எனக்குக் கடல்னாலே ஆகாது தெரியுமா? உப்புக்காத்து பட்டாலே தலைவலி. இருந்தும் இந்தப் பன்னிரண்டு வருஷத்துல ஐம்பத்தாறு தடவை தீவுக்குப் போயிருக்கேன். யாருக்காக? உங்களை மாதிரி உழைக்கிறவங்களுக்காக. ஒரு தடவைகூட எனக்காகப் போகலை. வீட்டுல கேட்டுப் பாருங்க, என் பேரப்பசங்க ஒவ்வொரு தடவையும் அழுதுகிட்டேதான் திரும்பி வருதுங்க."

"நீங்க இவ்வளவு கஷ்டப்படணுமா சார்? நாங்களே போய்ப் பார்த்துக்கிட்டா..."

"அப்படிப் போய்த்தான் ஜனங்க ஏமாந்துடறாங்க. தீவு என்ன சாதாரண விஷயமா? நாலு பக்கமும் தண்ணி."

எட்டும் முப்பத்தொன்றும் திருப்தியாக இருப்பதாகவும், எனவே அவற்றை ஒதுக்குவதில் குழுவுக்கு ஆட்சேபம் இல்லை என்றும் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்தது நீச்சல் தேர்வு.

அதற்குள் அவளுக்குப் பக்கவாட்டுப் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. தெருவில் எதிரே வருகிறவர்கள் திடீரென்று முளைத்தார்கள். தட்டில் இருப்பதைத் தலையைத் திருப்பித் திருப்பித் தேடிச் சாப்பிட்டாள். "குழாய் வழியாப் பாக்கற மாதிரி இருக்குங்க" என்று ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, அவர் கேட்கவும் பயந்தார்.

நீச்சல் தேர்வு ஒன்பதாவது மாடிக் கூட்ட அறையில் நடந்தது. இரண்டு மரப்பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். தேர்வாளராக வந்த குழு உறுப்பினர் கழுத்தில் விசில் மாட்டியிருந்தார்.

"தண்ணி எங்க சார்?" என்றார் பாய்லர்காரர்.

"தண்ணியில வச்சா யாராவது மூழ்கிட்டா யாருய்யா பொறுப்பு? படுங்க."

இருவரும் ஆளுக்கொரு பெஞ்சில் குப்புறப் படுத்தார்கள். விசில் ஊதியதும் கையையும் காலையும் அடிக்க வேண்டும். அவள் மும்முரமாக அடித்தாள். சின்ன வயதில் அவள் நன்றாக நீந்துவாளாம், அந்தப் பழக்கம் கைகளில் இன்னும் இருந்தது. ஆனால் பெஞ்சின் விளிம்பு அவள் கண்ணில் படவில்லை. நாலாவது வீச்சில் தடாலென்று தரையில் விழுந்தாள். பாய்லர்காரர் பதறி எழுந்து ஓடிப்போய்த் தூக்கினார். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது.

தேர்வாளர் எழுதிக்கொண்டார். மனைவி: நீச்சல் நன்று, மூழ்குதல் மிக நன்று. கணவர்: அனுமதியின்றிப் பாதிக் கடலில் எழுந்து நடந்தார், மறுதேர்வு.

மறுதேர்வுக்கு ஆறு வாரம் ஆனது. அன்று அவர் தனியாகப் படுத்து, யாரும் எங்கும் விழாததால், தேர்ச்சி பெற்றார். சான்றிதழில் முத்திரை குத்தக் காத்திருந்தபோதுதான் அவருக்குப் பொறுமை போனது. முப்பது வருஷம் அழுத்தத்தைக் கவனித்த மனுஷனுக்குத் தன் அழுத்தம் தெரியாமல் போய்விட்டது. குமாஸ்தா அம்மாளைத் தாண்டித் தலைவரின் அறைக்குள் நேராக நுழைந்தார்.

"சார், என் வீட்டுக்காரிக்குக் கண்ணு போயிட்டிருக்கு. ஆறரை மாசம் ஆயிடுச்சு. இன்னும் ரெண்டு மாசம் தாங்குமோ என்னமோ. அந்த மீனுங்களைப் பாக்கணும்னுதான் இவ்வளவும். உங்க காலுல வேணும்னாலும் விழறேன், அவளுக்குக் கண்ணு தெரியறப்பவே அனுப்பிடுங்க."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நடிப்பு இல்லை, நிஜமாகவே அவர் இளகின மனசுக்காரர். இதுதான் அந்தக் குழுவில் பயங்கரமான விஷயம்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை? நாங்க என்ன கல்நெஞ்சுக்காரங்களா?" மணியை அடித்துக் குமாஸ்தாவைக் கூப்பிட்டார். "இன்னிக்குச் சாயங்காலமே அவசரக் கூட்டம் போடுங்க. மத்த கோப்புகளையெல்லாம் தள்ளி வைங்க. பத்தொன்பதாம் எண் தீவு." பிறகு பாய்லர்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க கவலையே படாதீங்க. அம்மாவுக்குக் கண்ணு போறதுக்குள்ள நாங்க போய்ப் பார்த்துட்டு வந்துடறோம்."

பாய்லர்காரர், தான் சொன்னதில் எங்கே பிசகு நேர்ந்தது என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினார். திரும்பிப் போய் விளக்கலாம் என்று ஏழாவது மாடியில் நின்று பார்த்தார். விளக்கப்போய் இன்னொரு தேர்வு வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, இறங்கிவிட்டார்.

அவசரக் கூட்டத்தில் கருணை அடிப்படையில் தீர்மானம் நிறைவேறியது. அம்மையார் என்னென்ன பார்க்க விரும்புகிறார் என்று பட்டியல் கொடுத்தால் குழு ஒன்றுவிடாமல் பார்த்துவிடும் என்று கடிதம் வந்தது. அவர் அதைக் கிழித்துப்போடப் போனார். அவள்தான் தடுத்தாள்.

"எழுதிக் குடுங்க. இவங்க பார்த்துட்டு வந்தாத்தானே நம்மளை விடுவாங்க."

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன். கிளி மூக்கு மாதிரி வாய் உள்ள பச்சை மீன். குதிரை முகம் வைத்த குட்டி மீன். ஊதிப் பெரிதாகிற முள் மீன். தட்டையாகப் பறப்பது மாதிரிப் போகிற பெரிய மீன். நூறு நூறாகச் சேர்ந்து ஒரே நேரத்தில் திரும்புகிற வெள்ளி மீன். ஆறு வகை. ஏழாவதாக ஏதோ சொல்ல வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

குழு புறப்பட்டுப் போனது. தலைவரிடமிருந்து பாய்லர்காரரின் செல்போனுக்குத் தினமும் செய்தி வந்தது. "அம்மாவுக்காக இன்று இரண்டு முறை இறங்கினோம்." "தண்ணீர் சற்று வெதுவெதுப்பு. பொறுத்துக்கொண்டோம்." "மூன்றாவது மீன் பார்க்கப்பட்டது. அம்மாவிடம் தைரியம் சொல்லவும்." பாய்லர் அறையின் இரைச்சலில் நின்றுகொண்டு அவர் அதைப் படிப்பார். ஒரு நாள் படித்துக்கொண்டே இருந்ததில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. முப்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

தீவு எதிர்பார்த்ததைவிடப் பெரியது என்பதால் ஆய்வை மூன்று வாரம் நீட்டித்திருப்பதாக அடுத்த செய்தி சொன்னது. அந்த மூன்று வாரத்தின் நடுவில் ஒரு மத்தியானம் அவள் ஊசியைப் பஞ்சில் குத்தி வைத்து, நூல்கண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவி எடுத்து டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

"இனிமே காஜாவுக்குச் சட்டைங்களை வாங்கிட்டு வராதீங்க. கடைக்காரர்கிட்ட சொல்லிடுங்க."

"ஏன்? கை வலிக்குதா?"

"நூல் தெரியலைங்க. எதுவுமே தெரியலை."

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். சத்தமில்லாமல் அழுதால் தெரியாது என்று நினைத்தார். அவள் கையை நீட்டி அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "துடைச்சுக்கங்க" என்றாள்.

குழு திரும்பியது. குழுவின் வரலாற்றிலேயே முதல் முறையாக ஒரு கோப்பு நிறைவு பெறப்போகிறது என்று விழா ஏற்பாடு செய்தார்கள். மேஜைக்கு விரிப்பு, ஒலிபெருக்கி, தேநீர் எல்லாம் தடபுடலாக இருந்தது. பாய்லர்காரர் வர மாட்டேன் என்றார். அவள் வந்தே தீருவேன் என்றாள். லிப்டிலிருந்து கூட்ட அறை வரை கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். எதிரே ஏழு உறுப்பினர்களும் வெயிலில் வெந்த முகங்களோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவர் எழுந்தார்.

"சகோதரி அவர்களே! உங்களுக்குப் பார்வை குறைந்துகொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இந்தக் குழு தூங்கவில்லை. உங்கள் கண்களுக்குப் பதிலாகப் பதினான்கு கண்களை அனுப்பினோம். நீங்கள் ஒருவர் போயிருந்தால் பத்து நாள்தான் பார்த்திருப்பீர்கள். நாங்கள் நாற்பத்தொன்பது நாள் பார்த்தோம். உங்களுக்கு அலைச்சல் இல்லை, ஆபத்து இல்லை, உப்புத்தண்ணீர் இல்லை. இதைவிட ஒரு நிறுவனம் தன் ஊழியருக்கு என்ன செய்துவிட முடியும்?"

கைதட்டல் ஓய்ந்ததும் குமாஸ்தா அம்மாள் உத்தரவைப் படித்தாள். "விண்ணப்பதாரரின் மனைவி காண விரும்பிய ஆறு வகை மீன்களும் குழுவினால் நேரில் காணப்பட்டுவிட்டபடியால், கோரிக்கை முழுமையாக நிறைவேறியதாகக் கருதி இக்கோப்பு முடிக்கப்படுகிறது." கீழே அம்மையாரின் திருப்திக் கையொப்பத்துக்கு இடம் விட்டிருந்தது. பேனாவை நீட்டிய குமாஸ்தா, அவள் பார்வை எங்கோ நிற்பதைக் கவனித்துப் பேனாவை வைத்துவிட்டு, மை ஒற்றும் பெட்டியைத் திறந்தாள்.

"கையெழுத்து போடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் அவள்.

"தாராளமா கேளுங்கம்மா" என்றார் தலைவர்.

"அந்தக் கிளி மூக்கு மீனு பாறையைக் கடிச்சுத் தின்னும்போது நறநறன்னு சத்தம் வருமாமே. கேட்டுச்சா?"

தலைவர் அறிக்கையைப் புரட்டினார். "இரண்டாவது மீன்... ஆமாம்மா. பார்க்கப்பட்டது. திருப்தி."

"சரி. ஆரஞ்சு மீனு பூ மாதிரி ஒண்ணுக்குள்ள ஒளிஞ்சுக்குமே, நீங்க கிட்டப் போனப்ப உள்ள போச்சா, வெளிய வந்துச்சா?"

"முதல் மீன். பார்க்கப்பட்டது."

"நிறமாவது சொல்லுங்களேன். டிவியில பார்த்த மாதிரியே இருந்துச்சா, இன்னும் பளிச்சுன்னா?"

தலைவர் இடப்பக்கம் திரும்பினார். அங்கிருந்த உறுப்பினர், தமக்கு அன்று சளி பிடித்திருந்ததால் இறங்கவில்லை என்றார். அடுத்தவர் படகில் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். விசில்காரர் கரையிலிருந்து நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தாராம். மற்றொருவர் இறங்கியிருக்கிறார், ஆனால் தம்மைப் படமெடுத்தவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வேறெதையும் கவனிக்கவில்லை. படமெடுத்தவரும் அதையே சொன்னார். கடைசி உறுப்பினர் தமக்கு மீன் பிடிக்காது என்றார்.

"அப்ப யாருதான் பார்த்தது?" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளவேண்டும் என்ற ஆவல் மட்டும்தான் இருந்தது, பாய்லர்காரரால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"குழுவாப் பார்த்தோம்மா" என்றார் தலைவர்.

பிறகு ஒலிபெருக்கியை இழுத்தார். அவர் கண் மறுபடியும் கலங்கியிருந்தது.

"சகோதரி மிக முக்கியமான குறைபாட்டைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். நிறமும் சத்தமும் விடுபட்டிருக்கின்றன. இந்த நிலையில் கோப்பை முடிப்பது நமக்கு அழகல்ல. அவற்றைப் பார்த்து வருவதற்காகப் பத்தொன்பதாம் எண் தீவுக்கு இன்னொரு ஆய்வு மேற்கொள்ளலாம் என்று முன்மொழிகிறேன். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்."

நாற்காலிகள் கிரீச்சிட்டன.

"என்னங்க பண்றாங்க?" என்றாள் அவள் மெதுவாக.

"கை தூக்கறாங்க."

"எதுக்கு?"

"மறுபடியும் போறதுக்கு."

"போலாங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் எழுந்து நின்றார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுவதற்காக அவள் கையை மேலே நீட்டி, காற்றில் தேடினாள்.

குமாஸ்தா அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அறை முழுவதையும் ஒரு தடவை எண்ணி, எட்டுக் கைகள் ஆதரவு, விண்ணப்பதாரரின் மனைவி உட்பட, என்று குறிப்பேட்டில் எழுதி முத்திரை குத்தினாள்.